யூலை 1 ஒப்பந்தங்களைப் படிப்பது எப்படி: ஒரு லீஃப்ஸ் ரசிகையின் கணக்கு

சம்பளக் கணக்குப் போடுவது என் வேலை. ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலையில், யார் எத்தனை மணித்தியாலம் நின்றார்கள், மேலதிக நேரம் எவ்வளவு, வரி எவ்வளவு, ஓய்வூதியக் கழிவு எவ்வளவு என்று இரண்டு கிழமைக்கு ஒருமுறை பார்த்து அனுப்புகிறேன். அதனாலோ என்னவோ, ஹொக்கியில் எனக்கு ஆகப் பிடித்த நாள் யூலை முதலாம் திகதிதான். பிளேஓஃப், அதாவது சீசன் முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் ஆட்டங்கள், பிடிக்காதா என்று கேட்பீர்கள். 1967க்குப் பிறகு கிண்ணம் தூக்காத ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ரசிகை நான். பிளேஓஃப் கதையை என்னிடம் எடுக்க வேண்டாம்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: நான் சொல்வது ஐஸ் ஹொக்கி, என்.எச்.எல். என்ற வட அமெரிக்க லீக். ஒவ்வொரு வருடமும் யூலை 1 அன்று, ரொறன்ரோ நேரம் மத்தியானம் 12 மணிக்கு, ஒப்பந்தம் முடிந்த வீரர்களை எந்த அணியும் கேட்டு வாங்கலாம். 2013இலும் கொவிட் காலத்திலும் திகதி தள்ளிப்போனது. கனடா தின விடுமுறை வேறு. பூங்காவில் ஒரு பக்கம் கோழி வாட்டிக்கொண்டிருப்பார்கள், மற்றப் பக்கம் எங்கள் வீட்டு ஆண்கள் முழுப்பேரும் கைபேசியைப் பார்த்தபடி நிற்பார்கள். அக்காவின் மகன் ஓடி வருவான்: "சித்தி, ஏழு வருசமாம்! இவனுக்கு ஆராவது ஏழு வருசம் குடுப்பாங்களா?"

அவனுக்கு நான் வருடாவருடம் சொல்வதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். இனிமேல் இதைக் காட்டிவிட்டு நான் சோளத்தைத் திருப்பப் போகலாம்.

முதலில், கடையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

தடையில்லாத ஃப்ரீ ஏஜென்ட் ஆக, அதாவது விரும்பிய அணிக்குப் போக, ஒரு வீரருக்கு 27 வயதாகியிருக்க வேண்டும், அல்லது லீக்கில் ஏழு சீசன் முடித்திருக்க வேண்டும். இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கோபம் அடங்கிவிடும். முன்வரிசை வீரர்கள் பெரும்பாலும் இருபதுகளின் நடுவில்தான் உச்சத்தில் விளையாடுகிறார்கள். அந்த வருடங்களை அவரை வளர்த்த அணி குறைந்த விலைக்கு அனுபவித்து முடித்துவிட்டது. யூலை 1இல் விற்பனைக்கு வருவது அதற்குப் பிந்திய வருடங்கள். விலை மட்டும் முந்திய வருடங்களின் கோல்களைப் பார்த்துப் போடப்படுகிறது.

இரண்டாவது, நல்ல வீரர்களில் பலர் கடைக்கே வருவதில்லை. 2025இல் ஃபுளோரிடா பந்தர்ஸ் தொடர்ந்து இரண்டாவது கிண்ணத்தைத் தூக்கிவிட்டு, சாம் பென்னட், ஆரன் எக்பிளாட், பிரட் மார்ஷன்ட் மூன்று பேரையும் தங்களோடே வைத்துக்கொண்டது. மூவரும் சந்தைக்கு வருவார்கள் என்று காத்திருந்த அணிகள் மிச்சத்தைக் கிளறவேண்டியதாயிற்று. சரக்குக் குறைந்த வருடத்தில் மூன்றாம் வரிசை வீரருக்கும் இரண்டாம் வரிசைச் சம்பளம் போகும். அதைப் பார்த்து "எங்கட முகாமையாளருக்கு மூளை இல்லை" என்று கத்துவதற்கு முன், அந்த வருடப் பட்டியலில் வேறு யார் இருந்தார்கள் என்று ஒரு தரம் பாருங்கள். (முகாமையாளருக்கு மூளை இல்லாத வருடங்களும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.)

செய்தி வந்த உடனே கொதிக்க வேண்டாம்

12 மணி 1 நிமிடத்துக்கு ஆறு வருட ஒப்பந்தம் ஒன்று வெளியே வரும். அந்த ஒரு நிமிடத்துக்குள் பேசி, விலை படிந்து, கையெழுத்தும் போட்டு முடித்தார்களாம். சரி, நாங்களும் நம்புவோம்.

அன்றைக்கு எலியட் ஃப்ரீட்மன், பியர் லெப்ரன், கிறிஸ் ஜோன்ஸ்ரன் மாதிரி நீண்டகாலமாக இதையே தொழிலாகச் செய்யும் செய்தியாளர்களைப் பாருங்கள். அவர்களுடைய பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலிக் கணக்கு வைத்திருப்பவர்களும் அன்றைக்கென்றே விழித்திருப்பார்கள். பெயருக்குப் பக்கத்தில் இருப்பதை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் குடும்பக் குழுவில் அனுப்பவேண்டும். எங்கள் குழுவில் இந்த விதியை மீறுகிறவர் அடுத்த நாள் எல்லோருக்கும் ரிம் ஹோட்டன்ஸ் கோப்பி வாங்கித் தரவேண்டும். இவர், அதாவது என் கணவர், நிறையக் கோப்பி வாங்கிவிட்டார்.

உண்மையான செய்தியாளர் சொன்னாலும் அணி அறிவிக்கும்வரை அது பேச்சுத்தான். 2024 யூலை 1 அன்று லீஃப்ஸ் பின்வரிசைக்கு ஜானி ஹாக்கன்பா என்ற உயரமான ஃபின்லாந்துக்காரரை இரண்டு வருடத்துக்கு, வருடம் 1.5 மில்லியனுக்கு எடுத்ததாகச் செய்தி வந்தது. முழங்கால் பற்றிய கவலை இருந்தது. அணி வாய் திறக்கவில்லை. யூலை போய், ஓகஸ்ட் போய், செப்டெம்பரில்தான் அறிவிப்பு வந்தது: ஒரே வருடம், 1.47 மில்லியன். அவரைப் பெரிய ஆளென்று புகழ்ந்தவர்களும் திட்டியவர்களும் இரண்டு மாதம் இல்லாத ஒப்பந்தத்துக்காகச் சண்டை பிடித்திருக்கிறார்கள்.

டொலரைப் பார்க்காதீர்கள், வீதத்தைப் பாருங்கள்

இதுதான் முக்கியமான இடம், ஆறுதலாக வாசியுங்கள்.

என்.எச்.எல்.இல் ஒவ்வோர் அணிக்கும் மொத்தச் சம்பள வரம்பு உண்டு. எல்லோரும் காப் என்பார்கள். அதைத் தாண்ட முடியாது. ஒரு வீரரின் ஒப்பந்தத் தொகையை வருடங்களால் பிரித்து வருகிற சராசரிதான் காப் கணக்கில் ஏறும், அந்த வருடம் அவர் கையில் உண்மையில் எவ்வளவு கிடைத்தாலும் சரி. 2018 யூலை 1இல் ஜோன் டவாரெஸ் லீஃப்ஸுக்கு வந்தபோது ஏழு வருடத்துக்கு 77 மில்லியன். ஆகவே காப்பில் வருடம் 11. ஆனால் முதல் வருடத்தில் அவருக்குப் போன பணம் 15.9 மில்லியன்.

இந்த 11 பெரிதா சிறிதா? தனியாகச் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. அந்த சீசனின் வரம்பு 79.5 மில்லியன். ஆக, அணியின் சம்பளத்தில் 13.8 வீதம் ஒருவருக்கு. அதற்குப் பிறகு கொவிட் வந்து வரம்பு மூன்று சீசன் 81.5இலேயே குந்திவிட்டது. எல்லோரும் டவாரெஸின் சம்பளத்தைக் குறைசொன்னார்கள். வரம்பு வழமைபோல ஏறியிருந்தால் அந்த 11 மெல்ல மெல்லச் சுருங்கியிருக்கும். ஒப்பந்தம் போட்டவர்களுக்கு நோய்த்தொற்று வரும் என்று எப்படித் தெரியும்?

இப்போது நிலைமை நேர்மாறு. 2024–25இல் 88, 2025–26இல் 95.5, 2026–27க்கு 104 என்று வரம்பு தாவுகிறது. பழைய விலைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவருக்கு எல்லா ஒப்பந்தமும் கொள்ளையாகவே தெரியும். அதனால் என்ன செய்கிறேன் என்றால், கைபேசியிலேயே ஒரு சின்ன எக்செல் தாள் வைத்திருக்கிறேன். பெயர், வயது, வருடங்கள், சராசரி, அந்த சீசன் வரம்பு. ஆறாவது நிரலில் சராசரியை வரம்பால் பிரிக்கிறேன். இவ்வளவுதான். முன்பு காப்ஃப்ரெண்ட்லி என்ற இணையத்தளம் இந்த வேலையை இலவசமாகச் செய்து தந்தது, 2024இல் வொஷிங்டன் கப்பிட்டல்ஸ் அதையே வாங்கிப் பூட்டிவிட்டது. இப்போது விபரங்களைப் பக்பீடியாவில் எடுக்கிறேன்.

இந்தத் தாளில் நான் அழிக்காமல் வைத்திருக்கும் முதல் வரி டேவிட் கிளார்க்சன். 2013 யூலை 5, ஏழு வருடம், 36.75 மில்லியன், காப்பில் 5.25. ஐந்தேகால்தானே, இன்று மூன்றாம் வரிசைக்காரர்களே கேட்கிறார்களே என்று அக்காவின் மகன் சொல்கிறான். அந்த சீசனின் வரம்பு 64.3. அதாவது 8.2 வீதம். 95.5 வரம்பில் அதே பங்கு ஏறத்தாழ 7.8 மில்லியன். ஒரே ஒரு சீசனில் 30 கோல் போட்டவர், அதற்கு முன் 20ஐக்கூடத் தொடாதவர், கையெழுத்துப் போடும்போது வயது 29. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை, முரட்டு ஆட்டம், பழைய கப்டன் வெண்டல் கிளார்க் திரும்பி வந்துவிட்டார் என்று ஊரே கொண்டாடியது.

சீசன் தொடங்குவதற்கு முன்பே, பஃபலோவோடு நடந்த பயிற்சி ஆட்டத்தில் வாங்கிலிருந்து பாய்ந்து சண்டைக்குள் போய்ப் பத்து ஆட்டத் தடை வாங்கினார். அந்த சீசன் முழுக்க அவர் போட்டது 5 கோல்.

கடைசி வருடத்தில் இவருக்கு எத்தனை வயது?

செய்தி வந்ததும் முதல் வருடத்தை நினைப்பதுதான் எல்லோர் வழக்கமும். "எங்கட ஸ்டார் மத்தியூஸுக்குப் பக்கத்தில் இவரை விட்டால் எப்படி இருக்கும்!" நன்றாகத்தான் இருக்கும். முதல் வருடம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் வயதோடு வருடங்களைக் கூட்டுங்கள். 29ம் 7ம் 36.

2017இல் லீஃப்ஸ் பட்ரிக் மார்லோவை எடுத்தது. 37 வயது, மூன்று வருடம், வருடம் 6.25 மில்லியன். இரண்டு வருடமும் ஓர் ஆட்டம் தவறாமல் விளையாடினார், இளைஞர்களுக்கு அண்ணன் மாதிரி இருந்தார், யாரும் குறை சொல்ல முடியாது. மூன்றாவது வருடத்துக்குக் காப்பில் இடமில்லை. 35 வயதுக்குப் பிறகு போட்ட ஒப்பந்தம் என்பதால் தப்புவதற்கு வழியும் குறைவு. அந்த ஒரு வருடத்தைக் கரோலைனா தலையில் கட்டுவதற்கு முதற் சுற்றுத் தெரிவு (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும்போது கிடைக்கும் உரிமை) ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கவேண்டி வந்தது. கரோலைனா அதை வைத்து 2020இல் 13ஆவது ஆளாக எடுத்தது சேத் ஜார்விஸை. 2023–24இல் அவர் 33 கோல் போட்டார். அந்த ஆட்டங்களை நான் பார்ப்பதில்லை.

கிறிஸ் டானெவை லீஃப்ஸ் 2024இல் ஆறு வருடத்துக்கு எடுத்தபோது அவருக்கு 34. பக்குக்கு, அதாவது அடிக்கிற ரப்பர் வட்டுக்கு, முன்னால் உடம்பைக் கொடுத்து விழுகிற மனிதர். ஆறு வருடமா என்று பூங்காவில் ஒரே சத்தம். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் ஆறு என்பது உண்மையில் விலையைக் குறைக்கும் தந்திரம். மூன்று வருடத்தில் கொடுக்கவேண்டியதை ஆறில் பரப்பினால் சராசரி 4.5க்கு இறங்கிவிடும். கடைசி வருடங்களில் அவர் விளையாடுவாரா என்பது அப்போதைய முகாமையாளரின் தலையிடி. இதைச் சொன்னால் "அப்ப இது நல்லதா கூடாததா சித்தி?" என்று கேட்கிறான். முதல் மூன்று வருடத்தில் கிண்ணத்துக்குக் கிட்டப் போனால் நல்லது. என்னால் அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வருடங்களுக்கு ஓர் உச்சம் உண்டு: சொந்த அணி எட்டு வருடம் கொடுக்கலாம், மற்ற அணி ஏழு. 2026 செப்டெம்பரில் தொடங்கும் புதிய தொழிற்சங்க உடன்படிக்கையில் அது ஏழு, ஆறு என்று குறைகிறது. இந்த வரம்பே 2013இல்தான் வந்தது. அதற்கு முந்திய யூலையில் மினசோட்டா வைல்ட், சக் பரீசேக்கும் றயன் சூட்டருக்கும் ஆளுக்குப் பதின்மூன்று வருடம், ஆளுக்கு 98 மில்லியன் என்று ஒரே நாளில் கொடுத்தது. 2021இல் இருவரையும் காசு கொடுத்து வெளியே அனுப்பியது. அதன் தண்டம் 2023–24இலும் 2024–25இலும் வருடம் 14.7 மில்லியன், தங்களுக்கு விளையாடாத இரண்டு பேருக்கு. மினசோட்டா ரசிகர் யாராவது உங்கள் வேலையிடத்தில் இருந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அன்பாக நடந்துகொள்ளுங்கள்.

பணம் எந்த வடிவத்தில் போகிறது

பலரும் வாசிக்காத வரி இதுதான், எனக்கோ வேலைப் பழக்கத்தில் கண் முதலில் இங்கேதான் போகும். ஒப்பந்தத்தில் சம்பளம் வேறு, கையெழுத்துப் பணம் வேறு. டவாரெஸின் முதல் வருட 15.9இல் சம்பளம் வெறும் 650,000 டொலர், மீதி 15.25 மில்லியனும் கையெழுத்துப் பணம். (அதற்கு எந்த வீதத்தில் வரி என்று அவர் கனடா வருமான முகவரகத்தோடு வரி நீதிமன்றம்வரை போயிருக்கிறார். ஒன்ராறியோவில் உச்ச வரி வீதம் 53.53 என்றால் யாரும் போவார்கள்.)

எங்களுக்கு ஏன் அது முக்கியம்? ஒரு வீரரை இடையில் வெளியேற்ற அணிக்கு ஒரு வழி உண்டு. மிச்சச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, மிச்ச வருடங்களைப்போல இரண்டு மடங்கு காலத்தில் கொடுத்து முடிக்கலாம். இரண்டு வருடம், வருடம் 4 மில்லியன் மிச்சம் என்று வையுங்கள். 8இல் மூன்றில் இரண்டு 5.33. நாலு வருடத்தில் வருடம் 1.33. காப்பிலும் நாலு வருடம் 1.33 ஏறும். வலிக்கும், ஆனால் தாங்கலாம். கையெழுத்துப் பணத்துக்கு இந்தக் கழிவு கிடையாது, அதை முழுதாகக் கொடுத்தே ஆகவேண்டும். ஆகவே கையெழுத்துப் பணம் நிறைந்த ஒப்பந்தத்துக்கு வெளியேறும் கதவே இல்லை. கிளார்க்சனின் ஒப்பந்தம் அப்படிப்பட்டது.

அதனால்தான் அவர் வெளியேறிய விதம் அவ்வளவு விசித்திரம். அதே 2013 யூலை 5இல் கொலம்பஸ் அணி நேதன் ஹோர்ட்டனை ஏழு வருடத்துக்கு எடுத்திருந்தது. அவருக்கு முதுகெலும்பு கெட்டுப்போய் இனி விளையாட முடியாத நிலை. அந்த ஒப்பந்தத்துக்குக் காப்புறுதியும் இல்லை. கொலம்பஸ் சின்னச் சந்தை, விளையாடாதவருக்குச் சுளையாகக் கொடுக்கக் காசில்லை. ரொறன்ரோவிடம் காசு உண்டு, காப்பில் இடந்தான் இல்லை. நீண்டகாலக் காயப் பட்டியலில் ஒருவரைப் போட்டால் அந்த அளவுக்கு வரம்பைத் தாண்டலாம் என்பது அப்போதைய விதி. ஆகவே 2015 பெப்ரவரியில் விளையாட முடிந்த கிளார்க்சனைக் கொடுத்து, விளையாடவே முடியாத ஹோர்ட்டனை வாங்கியது லீஃப்ஸ். அன்று நான் வேலையிடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். கணக்காளர் ஒருவரின் கனவு மாதிரியான வியாபாரம் அது. ஹோர்ட்டன் லீஃப்ஸுக்காக ஓர் ஆட்டமும் விளையாடவில்லை, லீஃப்ஸுக்கு அதுதான் வசதி.

அதோடு, இடமாற்றத் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள். முழுத் தடை உள்ள வீரர் சம்மதிக்காமல் அவரை எங்கும் அனுப்ப முடியாது. "டிரேட் பண்ணுங்கடா" என்று கத்துவதற்கு முன் அந்த வரியைப் பார்த்தால் தொண்டைக்கு நல்லது.

யாருடைய இடத்தில் இருக்கப் போகிறார்?

2021 யூலை 28. சக் ஹைமன் லீஃப்ஸை விட்டு எட்மன்டனுக்குப் போனார், ஏழு வருடம், வருடம் 5.5 மில்லியன். மூலைகளில் போய்ப் பக்கைப் பிடுங்கிக்கொண்டு வருகிற, கோல் வாசலில் நின்று அடி வாங்குகிற ரொறன்ரோப் பிள்ளை. 29 வயது, அடிபட்ட முழங்கால், ஏழு வருடம்: என் தாளின்படி சிவப்புக் கோடு. எல்லோரும் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதே நாள் லீஃப்ஸ் இன்னொருவரை எடுத்தது. மைக்கல் பண்டிங், எங்கள் ஸ்காபரோப் பிள்ளை, இரண்டு வருடம், வருடம் 950,000 டொலர். வரம்பில் 1.2 வீதம்கூட இல்லை. ஊரார் என்று நாங்கள் நாலு பேர் கைதட்டினோம், மற்ற யாரும் கவனிக்கவில்லை. ஒக்டோபரில் அவர் ஹைமன் விட்டுப்போன வேலைக்கு வந்தார், முதல் வரிசை நட்சத்திரங்கள் மத்தியூஸுக்கும் மார்னருக்கும் பக்கத்தில். 63 புள்ளி (போட்ட கோலும் உதவிய கோலும் சேர்த்து). 26 வயதில் சிறந்த புதுமுக வீரர் விருதுக்கான இறுதி மூவரில் ஒருவர்.

இப்படி வந்தவர் இரண்டு வருடம் முடிந்து 2023இல் சந்தைக்குப் போனார். கரோலைனா மூன்று வருடத்துக்கு, வருடம் 4.5 மில்லியன் கொடுத்தது. அதே மனிதர், ஏறத்தாழ ஐந்து மடங்கு விலை, பக்கத்தில் மத்தியூஸ் இல்லை. அந்த மூன்று வருடத்துக்குள் கரோலைனா, பிட்ஸ்பேர்க், நாஷ்வில் என்று கைமாறிப் போனார்.

ஆகவே புதிதாக வருகிறவரின் புள்ளிகளைப் பார்க்கும்போது அவை யாருக்குப் பக்கத்தில் நின்று எடுத்தவை, பவர் பிளேயில், அதாவது தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்த நேரத்தில், எத்தனை, இங்கே அந்த இடம் அவருக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். எங்கள் கணக்கைப் பொய்யாக்கினவரும் ஹைமன்தான். எட்மன்டன் நட்சத்திரம் மக்டேவிட்டுக்குப் பக்கத்தில் போய் 2023–24இல், 31 வயதில், 54 கோல் போட்டார். தாள் சிவப்புக் கோடு போட்டாலும் கோல் வாசலில் நிற்கும் தைரியத்துக்கு அதில் நிரல் இல்லை. கட்டாயம் ஒரு நிரல் சேர்க்கவேண்டும் என்றால், அடித்த பக்குக்கு எத்தனை கோல் என்ற வீதத்தைச் சேருங்கள். ஒருவர் வாழ்நாள் முழுக்க நூற்றுக்குப் பத்து அடித்துவிட்டு ஒப்பந்த வருடத்தில் மட்டும் பதினெட்டு அடித்திருந்தால் அடுத்த வருடம் பத்துக்குத்தான் திரும்புவார்.

கோல்காப்பாளர்களைப் பற்றி எனக்கு எந்த விதியும் இல்லை. அந்தோனி ஸ்டோலார்ஸ் 2024இல் வருடம் 2.5 மில்லியனுக்கு வந்தார், அந்த சீசனில் .926 தடுப்பு வீதத்தோடு லீக்கிலேயே முதலிடம். அதைவிட மூன்று மடங்கு சம்பளம் வாங்கிக்கொண்டு பாதி பக்கை உள்ளே விடுகிறவர்களும் இருக்கிறார்கள். குறைந்த வருடம், குறைந்த விலை என்றால் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

எங்கட ஆள் போகும்போது

வருகிறவர்களைப் பற்றி இவ்வளவும் எழுதலாம். போகிறவரைப் பற்றித் தாள் உதவாது.

2025 மே 18, ஃபுளோரிடாவோடு ஏழாவது ஆட்டம், சொந்த அரங்கில் 6–1 தோல்வி. ஜேர்சிகளைக் கழற்றி ஐஸில் எறிந்தார்கள். ஆறு கிழமையில் மிட்ச் மார்னர் போய்விட்டார். மார்க்கம் நகரில் பிறந்தவர், அந்த சீசனில் 102 புள்ளி எடுத்தவர். சந்தைக் கதவு திறப்பதற்குச் சற்று முன், லீஃப்ஸ் எட்டு வருடம், 96 மில்லியன் என்று கையெழுத்து வாங்கி அப்படியே வேகாஸுக்கு அனுப்பியது. எட்டாவது வருடத்தைச் சொந்த அணிதான் கொடுக்கலாம் என்பதால் இந்தச் சுற்றுவழி. பதிலுக்கு நிக்கொலா ருவா என்ற நடுக்கள வீரர். வெறுங்கையோடு விடுவதைவிட ஒரு மூன்றாம் வரிசை வீரராவது கிடைத்தாரே என்று நான் சொன்னேன். அக்காவின் மகன் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. 16ஆம் இலக்க ஜேர்சியை மடித்து ஒரு வோல்மார்ட் பைக்குள் போட்டு, பையின் வாயை முடிச்சுப் போட்டு, அலுமாரிக்கு மேலே ஏற்றினான். எறியவில்லை, கவனித்தேன்.

இந்த நேரத்தில் பிள்ளைகளுக்குக் காப் கணக்குச் சொல்லாதீர்கள். துரோகி என்ற சொல்லையும் விடுங்கள். ஒன்பது சீசன் விளையாடிவிட்டு, வாழ்க்கையில் முதன்முறையாகத் தனக்குப் பிடித்த இடத்தைத் தெரிவு செய்கிற உரிமை அவருக்கு வந்திருக்கிறது. பதினெட்டு வயதில் அவரை எடுத்தது அணி, அவரை யாரும் கேட்கவில்லை. இது பெரியவர்களுக்குச் சொல்லவேண்டியது. பிள்ளைக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுங்கள்.

அடுத்த நாள், ஆத்திரம் கொஞ்சம் இறங்கியதும், அதே கிழமையில் உங்கள் அணி தன் சொந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்று காட்டுங்கள். மார்னர் போன அதே நாட்களில் மத்தியூ நைஸ் ஆறு வருடத்துக்கு, வருடம் 7.75 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டார். அதற்குச் சில நாள் முன்னர் டவாரெஸ், 38 கோல் போட்ட கையோடு, நாலு வருடத்துக்கு வருடம் 4.38 மில்லியன் போதும் என்று தங்கிவிட்டார். 13.8 வீதத்தில் வந்தவர் 4.6 வீதத்தில் நிற்கிறார்.

சொந்தப் பிள்ளைகளில் கையெழுத்துப் போடாத இளையவர்கள் இருந்தால் ஓகஸ்ட்டிலும் தூங்க முடியாது. 2024 ஓகஸ்ட்டில் சென்ட் லூயிஸ், எட்மன்டனின் ஃபிலிப் புரோபெர்க், டிலன் ஹொலவே இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒப்பந்தம் நீட்டியது. அதே விலையைக் கொடுத்துத் தக்கவைக்க எட்மன்டனுக்கு ஏழு நாள். காப்பில் இடமில்லை, இரண்டு பேரும் போய்விட்டார்கள். பதிலுக்குக் கிடைத்தது ஒரு இரண்டாம் சுற்றுத் தெரிவும் ஒரு மூன்றாம் சுற்றுத் தெரிவும். ஹொலவே அடுத்த சீசனில் 26 கோல்.

கடைசியாகச் சில சில்லறை

பெயர் அடித்த ஜேர்சி யூலையில் வாங்காதீர்கள். ஜனவரி வரை பொறுங்கள். அதற்குள் அவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்று தெரிந்துவிடும், நத்தாருக்குப் பிறகு விலையும் இறங்கும். பிள்ளை கேட்டு அழுதால் பெயர் இல்லாததை வாங்கிக் கொடுங்கள்.

சூதாட்டச் செயலிகளின் "இந்த வருடக் கிண்ணம் யாருக்கு" என்ற வீதங்களை யூலையில் பார்க்கவே வேண்டாம். என் கணவருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

யூலை 3க்குப் பிறகு எல்லோரும் பட்டியலை மூடிவிட்டுக் கொட்டேஜுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் தாளைத் திறந்தே வைத்திருங்கள். செப்டெம்பரில் பயிற்சி முகாம் தொடங்கும்போது ஒப்பந்தமே இல்லாமல், "வந்து விளையாடிக் காட்டு, பிடித்தால் எடுக்கிறோம்" என்ற அடிப்படையில் சிலரைக் கூப்பிடுவார்கள். வயது போனவர்கள், காயப்பட்டு எழும்பியவர்கள். 2024 செப்டெம்பரில் லீஃப்ஸ் அப்படிக் கூப்பிட்டது மக்ஸ் பசியொரெட்டியை, ஒருகாலத்தில் மொன்றியல் கப்டனாக இருந்து எங்களைப் படாதபாடு படுத்தியவரை. முகாம் முடிந்து கொடுத்த ஒப்பந்தம் ஒரு வருடம், ஒரு மில்லியனுக்கும் குறைவு. காயத்தால் பாதி சீசன் வெளியே இருந்தார், பிளேஓஃபின் முதல் ஆட்டங்களிலும் வெளியேதான். பிறகு ஒட்டாவாவோடு ஆறாவது ஆட்டம், 2–2, மூன்றாம் பகுதியில் ஆறு நிமிடம்கூட மிச்சமில்லை. தொடரை முடித்த கோலைப் போட்டவர் அவர். என் தாளில் அவருடைய வரி ஹாக்கன்பாவுக்குக் கீழே இருந்தது, வீத நிரலில் 1 என்றுகூட வரவில்லை.